இளைப்புக்கு ஓர் அளவுகோல்

கோவில்பட்டி என்றதும் இலக்கிய வாசகர்களுக்கு எழுத்தாளர்களே முதலில் நினைவுக்கு வருவர். அருகிலுள்ள இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் தொடங்கி, பூமணி, தேவதச்சன், சோ. தருமன் என அப்பட்டியல் நீளும். அந்த ஊருக்கு இன்னொரு மரபும் உண்டு, அது ஹாக்கி. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி நடைபெறும் ஊர் அது. 2022ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் கோவில்பட்டியைச் சேர்ந்த மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரில் பிறந்து கோவில்பட்டியில் பயின்ற கார்த்தி செல்வமும் இடம்பெற்றிருந்தனர். 2025 நவம்பர், டிசம்பர் மாதங்களில் ஆடவர் இளையோர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடைபெற்றபோது, தென்மாவட்டங்களின் ஹாக்கி ஆர்வத்தை நாடே கண்டது.

இவ்விரு மரபுகளும் ஒன்றோடொன்று அதிகம் பேசிக்கொள்வதில்லை. எழுதுகிறவர்களுக்கு மைதானம் அந்நியம். மைதானத்தில் நிற்கிறவர்களுக்கு எழுத்து அந்நியம். எனினும் இவை இரண்டும் சந்தித்தே ஆகவேண்டிய ஓர் இடம் இருப்பதாக நாம் கருதுகிறோம். பயிற்சியின்போது ஒரு சிறுவனோ சிறுமியோ எவ்வளவு உழைக்கிறார் என்பதை எப்படி அளப்பது என்ற கேள்விதான் அந்த இடம். உடலியல் வல்லுநர்களுக்குரிய கேள்வியாக இது தோன்றலாம். சற்று உள்ளே போனால், பாதிக்கு மேல் இது மொழி பற்றிய கேள்வி என்பது புலப்படும்.

முதலில் ஆட்டத்தின் இயல்பைப் பார்ப்போம். 1976ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி செயற்கைத் தரைக்கு மாறியது. பந்து வேகம் பெற்றது. அதைத் துரத்தும் கால்களும் வேகம் பெற வேண்டியதாயிற்று. 1990களின் தொடக்கத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆட்டக்காரரை மாற்றிக்கொள்ளலாம் என்ற விதி வந்தது. பிறகு 35 நிமிடம் கொண்ட இரு பாதிகள், 15 நிமிடம் கொண்ட நான்கு பகுதிகளாயின. இதன் விளைவாக இன்றைய ஆட்டக்காரர் சில நிமிடங்கள் களத்தில் பாய்ந்து பாய்ந்து ஓடுகிறார். வெளியே வந்து மூச்சு வாங்குகிறார். மீண்டும் உள்ளே போகிறார். தீவிரமாக ஓடி, சற்றே ஓய்ந்து, மறுபடியும் ஓடும் இடைவெளிப் பயிற்சி இங்கே உடற்பயிற்சிக் கூடங்களின் நாகரிகமாக வந்ததன்று. ஆட்டத்தின் வடிவமே அதுதான். ஆகவே கரிசல் மண்ணின் பிள்ளைகளுக்கும் அப்பயிற்சி தவிர்க்க முடியாதது. எவ்வளவு கொடுப்பது, எங்கே நிறுத்துவது என்பவையே தீர்க்கப்பட வேண்டியவை.

அளவு என்று வந்ததும் விஞ்ஞானம் சுட்டுவது ஆக்சிஜனை. நாம் சும்மா உட்கார்ந்திருக்கையில், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3.5 மில்லி லிட்டர் ஆக்சிஜனைச் செலவிடுகிறோம். ஓடும்போது இது கூடுகிறது. வேகம் ஏற ஏறக் கூடிக்கொண்டே போய், ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் வேகம் கூடினாலும் ஆக்சிஜன் கூடாது. இந்த உச்சத்தை 1923ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஏ. வி. ஹில்லும் ஹார்ட்லி லப்டனும் விளக்கி எழுதினர். ஹில் தாமே ஓடி, தம் மூச்சைத் தாமே அளந்துகொண்டவர். வெளிவிடும் காற்றை முதுகில் கட்டிய பெரிய பையில் பிடித்து, அதன் கன அளவையும் அதில் எஞ்சிய ஆக்சிஜனையும் கணக்கிடும் முறை அது. அந்தப் பையை 1911இல் டக்ளஸ் என்ற உடலியலாளர் வடிவமைத்திருந்தார். இன்று பைக்குப் பதிலாக முகமூடியும் கணினியும் வந்துவிட்டன. தேர்ந்த ஆடவர் ஹாக்கி ஆட்டக்காரர்களிடம் இந்த உச்சம் பெரும்பாலும் கிலோவுக்கு 55 முதல் 65 மில்லி லிட்டர் வரை இருக்கும்.

சீராக ஓடுகிறவரை அளக்க இம்முறை மிகப் பொருத்தமானது. இடைவெளிப் பயிற்சியிலோ ஒரு சிக்கல் எழுகிறது. ஓட்டம் தொடங்கிய கணத்திலேயே ஆக்சிஜன் செலவு உயர்ந்துவிடுவதில்லை. அது தயங்கித் தயங்கி ஏறி, ஒரு நிலைக்கு வர இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகும். 20 விநாடி மட்டுமே நீடிக்கும் பாய்ச்சலில், உடல் தன் தசைகளில் சேமித்து வைத்திருக்கும் கைமுதலையே பெரிதும் செலவிடுகிறது. மூச்சு வந்து சேர்வதற்குள் ஓட்டம் முடிந்துவிடுகிறது. பிறகு நின்றபடி இளைக்கும்போதுதான் உடல் அக்கடனை அடைக்கிறது. 'ஆக்சிஜன் கடன்' என்றே ஹில் இதற்குப் பெயரிட்டார். கைமாற்று வாங்கிப் பழகிய நம் ஊர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: செலவு ஒரு நேரம், கணக்கு எழுதப்படுவது இன்னொரு நேரம். நாடித்துடிப்பும் இப்படியே பின்தங்கித்தான் ஏறுகிறது. எனவே குறுகிய பாய்ச்சல்களில், அந்தந்த விநாடிகளில் எடுக்கப்படும் ஆக்சிஜன் அளவோ நாடி அளவோ உண்மையான உழைப்பைக் குறைத்தே காட்டும்.

இப்பயிற்சி முறை உலகப் புகழ் பெற்ற வரலாறும் இங்கே கவனிக்கத்தக்கது. 1930களில் ஜெர்மனியில் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளரும் ரைண்டல் என்ற மருத்துவரும், ஓட்டத்தில் 180 வரை ஏறிய நாடி ஒன்றரை நிமிடத்துக்குள் 120க்கு இறங்கினால் மட்டுமே அடுத்த ஓட்டம் என்று வகுத்தனர். 1996இல் ஜப்பானில் இசுமி தபாட்டா வெளியிட்ட ஆய்வு, 20 விநாடி கடும் உழைப்பு, 10 விநாடி ஓய்வு என்று ஏழெட்டுச் சுற்றுகள் மிதிக்கவைத்து, ஆறு வாரங்களில் ஆக்சிஜன் உச்சம் கிலோவுக்கு 7 மில்லி லிட்டர் உயர்ந்ததையும், ஆக்சிஜனை நம்பாத திறன் 28 சதவீதம் கூடியதையும் காட்டியது. வாரத்தில் ஐந்து நாள் ஒரு மணி நேரம் மிதமாக மிதித்த மற்றொரு குழுவுக்கு ஆக்சிஜன் உச்சம் 5 மில்லி லிட்டர் கூடியது. இரண்டாவது திறன் கூடவேயில்லை. இன்று நான்கு நிமிடத்தில் முடிகிற எதற்கும் 'தபாட்டா' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். மூல ஆய்வில் மிதித்தவர்கள் வாலிப வயதினரான உடற்கல்வி மாணவர்கள். அவர்களுடைய உழைப்பு ஆக்சிஜன் உச்சத்துக்குரிய அளவைப் போல் 170 சதவீதமாக, ஆய்வுக்கூட மிதிவண்டியில் அளந்து கொடுக்கப்பட்டது. அந்த அளவை விட்டுவிட்டு விநாடிக் கணக்கை மட்டும் கொண்டுவந்து, பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் கொடுப்பது மருந்தின் அளவை விட்டுவிட்டு நேரத்தை மட்டும் சொல்லிக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

நம் மைதானங்களில் நடைமுறையில் உள்ள அளவுகள் எவை? முதலாவது, 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்ச நாடி என்ற சூத்திரம். உடற்பயிற்சிக் கூடத்துச் சுவர்களிலெல்லாம் ஒட்டப்பட்டிருக்கும் இச்சூத்திரம் 1971இல் ஃபாக்ஸ் முதலியோர் எழுதிய கட்டுரை ஒன்றில், பிறர் தொகுத்த தரவுகளின் மேல் கண்ணளவாக இழுத்த கோட்டிலிருந்து பிறந்தது. 2001இல் தனாக்கா முதலியோர் வேறொரு சூத்திரம் தந்தனர்: 208இலிருந்து வயதில் பத்தில் ஏழு பங்கைக் கழிக்க வேண்டும். பதினைந்து வயதுப் பையனுக்கு முதல் சூத்திரம் 205 என்கிறது. இரண்டாவது 197 அல்லது 198 என்கிறது. எந்தச் சூத்திரமானாலும் ஒரே வயதினரிடையே பத்துத் துடிப்பு மேலும் கீழுமாக வேறுபடுவது சாதாரணம்.

இரண்டாவது, ஒலிக்கும் மணிக்கேற்ப 20 மீட்டர் தூரத்தை மாறி மாறி ஓடும் சோதனை. மாண்ட்ரியலில் லூக் லெஜே 1982இல் வெளியிட்ட முறை இது. டென்மார்க்கின் யென்ஸ் பாங்ஸ்போ இடையிடையே 10 விநாடி ஓய்வு சேர்த்து அமைத்த 'யோ-யோ' சோதனை, 2017 வாக்கில் கிரிக்கெட் மூலம் நம் நாட்டில் வீட்டுப் பெயராயிற்று. இவை நல்ல சோதனைகள், செலவில்லாதவை, விளையாட்டின் இயல்புக்கு நெருக்கமானவை. ஆனால் இவை தருவது ஓடிய தூரம். ஓடிய தூரத்திலிருந்து ஆக்சிஜனைக் கணிக்கும் வாய்பாடுகள் வேறு தேசத்து உடல்களை வைத்து, வேறு தட்பவெப்பத்தில் உருவாக்கப்பட்டவை.

'வேறு தேசத்து உடல்' என்பதை வீராப்பாகச் சொல்லவில்லை. சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த எலினார் மேசன், அமெரிக்க உடலியலாளர் பெனடிக்டுடன் சேர்ந்து 1931இல் தென்னிந்தியப் பெண்களின் ஓய்வுநிலை ஆற்றல் செலவைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். மூச்சை அளந்தே அதைக் கணக்கிட்டார்கள். மேற்கத்திய அட்டவணையில் 'இயல்பு' என்று குறித்திருந்த அளவைவிட நம் பெண்களின் அளவு குறிப்பிடத்தக்க அளவு தாழ்ந்திருந்தது. நோயற்ற பெண்கள் அட்டவணைப்படி இயல்புக்குக் குறைந்தவர்களானார்கள். தமிழ்நாட்டில் மூச்சை அளந்த வரலாற்றின் தொடக்கத்திலேயே இந்தப் பாடம் இருக்கிறது: அளவு சரியாக இருக்கலாம், ஒப்பிடும் அட்டவணை பொருந்தாமல் போகலாம்.

எடையால் வகுப்பதிலும் ஓர் ஏமாற்று உண்டு. 38 கிலோ எடையுள்ள ஒல்லிப் பையனுக்கும் 60 கிலோ எடையுள்ள பையனுக்கும் கிலோவுக்கு 50 மில்லி லிட்டர் என்று ஒரே எண் வருவதாகக் கொள்வோம். ஏட்டில் இருவரும் சமம். மொத்தமாகப் பார்த்தால் முதலாமவன் நிமிடத்துக்கு 1.9 லிட்டர், இரண்டாமவன் 3 லிட்டர். தன் உடலைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில் இருவரும் சமமாயிருக்கலாம். மட்டையை வீசுவதிலும், தோளோடு தோள் மோதி நிற்பதிலும் சமமாக மாட்டார்கள். கிலோக் கணக்கு மட்டும் பார்த்துத் 'தகுதி நன்று' என்று எழுதிவிட்டால், அந்த ஒல்லி உடம்புக்குச் சோறு போதவில்லை என்ற செய்தி ஏட்டிலிருந்து மறைந்துபோகும்.

இனி வெயில். கோவில்பட்டிச் சீமையின் சித்திரை வெயிலைப் பற்றிப் படித்தவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வெப்பத்தில் இரத்தத்தின் ஒரு பகுதி உடலைக் குளிர்விக்கத் தோலுக்குப் போகிறது. வியர்வையால் இரத்தத்தின் நீர் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் இரத்தம் குறைய, துடிப்பின் எண்ணிக்கை கூடுகிறது. அதே வேகம், அதே ஆக்சிஜன், ஆனால் நாடி மேலே ஏறிக்கொண்டே போகும். இங்கே நாடியை வைத்து ஆக்சிஜனைக் கணித்தால் தவறு நேரும். ஆக்சிஜனை மட்டும் பார்த்தால், உடல் படும் பாடு தெரியாமல் போகும். கைக்கடிகாரத்தில் பச்சை ஒளி பாய்ச்சி நாடி பார்த்து, அதிலிருந்து ஆக்சிஜன் உச்சத்தை ஊகித்துச் சொல்லும் கருவிகள் இன்று மலிந்துவிட்டன. அவற்றின் எண்கள் அளவைகள் அல்ல, ஊகங்கள் என்பதை வாங்குகிறவர்கள் நினைவில் கொள்வது நல்லது.

அப்படியானால் எஞ்சுவது என்ன? ஓடுகிறவரையே கேட்பது.

இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க் 1960களிலிருந்து செய்த வேலை இதுதான். உழைக்கிறவர் தம் உழைப்பை 6 முதல் 20 வரை ஓர் எண்ணால் சொல்ல வேண்டும். 6 என்றால் உழைப்பே இல்லை. 20 என்றால் இதற்கு மேல் இயலாது. அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறத்தாழ நாடித்துடிப்பு வரும்படி அவர் அமைத்திருந்தார். பின்னாளில் 0 முதல் 10 வரையிலான எளிய அளவையையும் தந்தார். அமெரிக்கரான கார்ல் ஃபாஸ்டர் அதைப் பயிற்சிக் கணக்காக்கினார்: பயிற்சி முடிந்து அரை மணி கழித்து 'எப்படி இருந்தது?' என்று கேட்டு, வரும் எண்ணைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்குவது. 40 நிமிடப் பயிற்சிக்கு ஒருவர் 7 என்றால் அன்றைய சுமை 280. அதே பயிற்சிக்கு அடுத்தவர் 4 என்றால் அவருக்கு 160. ஒரே பயிற்சி இருவருக்கும் ஒன்றன்று என்பதை ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் காட்டிவிடுகின்றன. நுண்கருவிகள் உள்ள பெரிய அணிகளும் இக்கேள்வியைக் கைவிடவில்லை.

இங்கேதான் மொழி வருகிறது. போர்க்கின் அளவை எண்களால் ஆனது போலத் தோன்றினாலும், எண்களைத் தாங்கி நிற்பவை சொற்கள். லேசானது, சற்றுக் கடினம், கடினம், மிகக் கடினம் என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு சொல் உண்டு. குழந்தைகளுக்கென்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவான 'ஆம்னி' அளவை, மேட்டில் சைக்கிள் மிதிக்கும் சிறுவனின் படங்களோடு, 'களைப்பே இல்லை' என்பதிலிருந்து 'மிக மிகக் களைப்பு' வரை சொற்களை அடுக்குகிறது. இவற்றைத் தமிழில் அப்படியே பெயர்த்தால் என்னவாகும்? 'கடினம்' என்பது நம் வழக்கில் வேலையின் குணம். தேர்வு கடினம், கணக்கு கடினம். உடலின் நிலையை நாம் அச்சொல்லால் சொல்வதில்லை. 'களைப்பு' உடலின் நிலைதான். ஆனால் ஆங்கிலத்தின் ஒரே சொல்லுக்கு எதிரே நம்மிடம் ஒரு குடும்பமே இருக்கிறது.

இளைப்பு மூச்சைச் சார்ந்தது. நின்றால் சில நிமிடங்களில் அடங்கும். அலுப்பு தசையைச் சார்ந்தது. நாள் முழுக்க உழைத்த பின் வருவது. அசதி தூக்கத்தின் பக்கத்து வீடு. தெற்கத்தி வழக்கில் 'சடவாக இருக்கிறது' என்றால் மேல் முழுக்கப் பாரமாக இருக்கிறது என்று பொருள். நேற்றைய வேலையின் மிச்சம் இன்று காலையில் தெரிவது. கிறக்கம் இவை எதுவுமன்று. அது தலையைச் சார்ந்தது, ஆபத்தின் அறிகுறி. மூச்சு வாங்குவது வேறு, மூச்சு முட்டுவது வேறு. இரைப்பது வேறு, நாக்குத் தள்ளுவது வேறு. உடலியலாளர்கள் 'மூச்சுக்கு எவ்வளவு, காலுக்கு எவ்வளவு' என்று உழைப்பை இரண்டாகப் பிரித்துக் கேட்பதுண்டு. கரிசல்காட்டுப் பேச்சு அதை எப்போதோ பிரித்து வைத்துவிட்டது. பயிற்சியாளர் 'களைப்பா?' என்று கேட்டால் 'ஆமாம்' என்ற பதில் வரும். அதனால் ஒரு பயனும் இல்லை. 'இளைப்பா, அலுப்பா, சடவா, கிறக்கமா?' என்று கேட்டால், அவர் அடுத்துச் செய்ய வேண்டியது என்ன என்பது அந்தப் பதிலிலேயே இருக்கும். இளைப்பு என்றால் ஓய்வை அரை நிமிடம் நீட்டலாம். சடவு என்றால் அன்றைய பாய்ச்சலையே மறுநாளுக்குத் தள்ளலாம். கிறக்கம் என்றால் நிழலுக்கும் தண்ணீருக்கும் கொண்டுபோக வேண்டும்; எண் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

வட்டாரச் சொற்களைத் தொகுக்கும் வேலையை இந்த மண் முன்பே செய்து காட்டியிருக்கிறது. கி.ரா. 1982இல் கரிசல் வட்டாரத்துக்கென்று ஓர் அகராதி தந்தார். அவ்வேலையின் தொடர்ச்சியாக உழைப்பின் சொற்களை மட்டும் தனியே திரட்டி, ஏறுவரிசையில் அடுக்கிப் பார்க்கலாம். நாம் முன்வைக்கும் வரைவு இது. 0: சும்மா இருப்பது. 2: மேலுக்கு ஒன்றும் தெரியவில்லை. 4: மூச்சு தெரிகிறது. 6: மூச்சு வாங்குகிறது. 8: இரைக்கிறது. 10: நாக்குத் தள்ளுகிறது. 'கண்ணைக் கட்டுகிறது' என்பதற்கு எண் கிடையாது. அது நிறுத்தச் சொல்.

இது வரைவு மட்டுமே. சோதிக்காமல் இதை அளவுகோல் என்று அழைப்பது தகாது. சோதிக்கும் முறையும் மறைபொருளன்று. முகமூடி அணிவித்து, ஓடும் பட்டையின் வேகத்தைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் எந்தச் சொல் வருகிறது என்று குறிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து வேறு வரிசையில் அதே வேகங்களைக் கொடுத்து, அதே சொற்கள் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். கோவில்பட்டிப் பிள்ளையும் அரியலூர்ப் பிள்ளையும், ஆணும் பெண்ணும், ஒரே வரிசையில் அடுக்குகிறார்களா என்று ஒப்பிட வேண்டும். தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் ஓர் ஆராய்ச்சி மாணவர் எடுத்துச் செய்யத்தக்க வேலை. உடன் ஒரு மொழியறிந்தவர் வேண்டும். அந்த ஆளைத் தருவது நம் கடமை.

இதற்கிடையில் ஒரு காசும் செலவில்லாத சோதனை ஒன்றும் உண்டு. உழைத்துக்கொண்டே பேச முடிகிறதா என்று பார்ப்பது. அமெரிக்காவில் நடந்த சில ஆய்வுகளில், ஓடுகிறவரை அந்நாட்டு உறுதிமொழியைச் சொல்லவைத்தார்கள். அது 31 சொற்கள். தங்குதடையின்றிச் சொல்ல முடிந்தால் மிதமான உழைப்பு; சொல்ல முடிந்தாலும் தடுமாறினால் எல்லையை நெருங்கியாயிற்று; முடியாவிட்டால் எல்லை கடந்தாயிற்று. நம் பிள்ளைகளுக்கு நான்கு குறள் போதும். சீருக்கு ஒன்றாக 28 சொற்கள். எந்தச் சீரில் மூச்சு அறுகிறது என்பதைக் கேட்கிற எவரும் கணிக்கலாம்.

சொற்கள் கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை. மிகக் கடினமான பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. பிள்ளை உண்மையைச் சொல்ல வேண்டும்.

விடுதியில் இடம், மூன்று வேளை உணவு, மாவட்ட அணி, பிறகு மாநில அணி, எல்லாவற்றுக்கும் அப்பால் ஓர் அரசு வேலை. தீப்பெட்டி ஆலைக்குப் போகும் தாயின் மகனுக்கோ, மானாவாரிக் காட்டில் மழையை நம்பியிருக்கும் தகப்பனின் மகளுக்கோ ஹாக்கி மட்டை இத்தனையும் தரக்கூடியது. அந்தப் பிள்ளையிடம் பயிற்சியாளர், 'இளைக்கிறதா?' என்று கேட்டால், 'இல்லை சார்' என்பதுதான் பதில். நமது மரபில் பெரியவரிடம் 'முடியவில்லை' என்று சொல்வது சோம்பலாகவும் மரியாதைக் குறைவாகவும் கொள்ளப்படுகிறது. சொன்னால் அணியில் இடம் போய்விடுமோ என்ற அச்சம் வேறு. அப்போது அந்த ஏட்டில் எழுதப்படும் எண் உழைப்பின் அளவாக இருக்காது. அச்சத்தின் அளவாக இருக்கும்.

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53 சதவீதத்துக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மில்லி லிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கிறது. 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 12 கிராம் இருந்தால் 16 மில்லி லிட்டர் சுமக்கும். 9 கிராம் இருந்தால் 12தான். நான்கில் ஒரு பங்கு ஆக்சிஜன் புறப்படும் இடத்திலேயே குறைந்துபோகிறது. எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் அந்தக் குறையை ஓட்டத்தால் ஈடுசெய்ய முடியாது.

இதற்குச் சான்று நம்மவரிடமிருந்தே கிடைத்திருக்கிறது. 1970களில் இலங்கையின் தேயிலைத் தோட்டத் தொழிலாளப் பெண்களை ஓடும் பட்டையில் நடக்கவைத்து அளந்தார்கள். இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறையக் குறைய அவர்கள் தாங்கிய நேரமும் சுமையும் குறைந்தன. அதே வேலைக்கு நாடி அதிகமாகத் துடித்தது. இரும்புச் சத்து கொடுத்தபோது, மிகவும் குறைந்திருந்தவர்கள் பறித்த கொழுந்தின் அளவு கூடியது. ஆய்வு மருத்துவ இதழ்களில் வந்தது, பயனுள்ள ஆய்வுதான். ஆயினும் அதில் உற்பத்தி கிலோவில் அளக்கப்பட்டது என்பதை நாம் மறந்துவிடலாகாது. மலையில் கொழுந்துக்கு எடை, கோவில்பட்டியில் தீப்பெட்டிக்கு எண்ணிக்கை. உழைப்பின் பலனை அளந்து கூலி தருவது நமக்குப் பழகியது. உழைக்கும் உடல் பட்ட பாட்டை அளந்து ஓய்வு தருவதுதான் பழகாதது. மைதானத்திலும் நாம் அந்தப் பழைய கணக்கையே எழுதிக்கொண்டிருக்கக் கூடாது.

மறுப்புகள் வரும். கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் 'முடியாது' என்றுதான் சொல்வார்கள் என்பது ஒன்று. இரண்டு மூன்று வாரங்கள் தொடர்ந்து எழுதினால் இதன் விடை தானே தெரியும். ஓடிய சுற்றுகள், காலையில் எழுந்ததும் எடுத்த நாடி, பிள்ளை சொன்ன சொல் ஆகிய மூன்றையும் ஒரே வரியில் எழுதினால், பொய் நெடுநாள் நிற்காது. சுற்று கூடியும் சொல் இறங்கினால் பிள்ளை தேறுகிறது. சுற்று மாறாமல் சொல் மட்டும் ஏறினால் தூக்கமோ உணவோ இரத்தமோ ஏதோ குறைகிறது. இரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டிய நேரம் அது. எல்லையைத் தாண்டியவர்கள்தான் வெற்றி பெற்றார்கள் என்பது இன்னொரு மறுப்பு. உண்மை, ஆனால் எல்லை எங்கே என்று அறிந்தவர்தான் அதைத் தாண்ட முடியும். அறியாமல் போகிறவர்களில் பலர் காயத்தோடும் வெறுப்போடும் பதினேழு வயதில் மட்டையைக் கீழே வைத்துவிடுகிறார்கள். அவர்களுடைய பெயர்கள் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

ஆய்வுக்கூட அளவை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆண்டுக்கு ஓரிரு முறை முகமூடி அணிந்து அளப்பது நல்லது, இயன்றவர்கள் செய்யட்டும். பிள்ளையை அட்டவணையோடு ஒப்பிடாமல், சென்ற ஆண்டின் அதே பிள்ளையோடு ஒப்பிடட்டும். எஞ்சிய முந்நூற்றுச் சொச்சம் நாட்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும், மூன்று நிபந்தனைகளோடு. கேட்கிற சொல் பிள்ளையின் சொல்லாக இருக்க வேண்டும். சொன்ன பதில் அணித் தேர்வுக்குப் பயன்படுத்தப்படாது என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுத்து அதைக் காப்பாற்ற வேண்டும். ஏட்டில் உணவுக்கும் இரத்தத்துக்கும் ஒரு பத்தி இருக்க வேண்டும்.

முதல் நிபந்தனைக்கான வேலை, எழுத்தை நேசிக்கிறவர்களாகிய நம்முடையது. கரிசல் இலக்கியம் வியர்வையை எழுதிற்று என்று நாம் பெருமை பேசுகிறோம். அந்த வியர்வைக்கு எத்தனை படிகள் உண்டு, ஒவ்வொரு படிக்கும் என்ன பெயர் என்று ஒரு பயிற்சியாளர் வந்து கேட்டால், அவர் கையில் கொடுக்க நம்மிடம் ஒரு பக்கத் தாளாவது இருக்க வேண்டும்.